கவலை கிலோ 120

(எங்கள் தெருவில் காதில் விழுந்தது. கொஞ்சம் என் கைச்சரக்கும் உண்டு. மாடி வீட்டு மனிதர் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர், வங்கியில் ஓய்வு பெற்றவர். நான் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.)

செயலாளர்: ஏம்மா, எத்தனை தடவை சொல்வது? கேட்டுக்கு முன்னால் கூடையை இறக்காதே. இரண்டாவது மாடி வரைக்கும் வாடை வருகிறது.

மீன்காரம்மா: விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்தது சார். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பு. புது மீன் நாறாது.

செயலாளர்: எனக்கு இப்போதுகூட அடிக்கிறதே... ஏவ்!

மீன்காரம்மா: ஆமாம், இப்போது எனக்கும் அடிக்கிறது.

செயலாளர்: பார்த்தாயா!

மீன்காரம்மா: கூடையிலிருந்து இல்லை சார். நீங்கள் ஏப்பம் விட்டதற்கு அப்புறம்தான்.

செயலாளர்: அது... காலையில் மீன் எண்ணெய் மாத்திரை போட்டேன்.

மீன்காரம்மா: மீன் எண்ணெயா! எங்கள் மாமனார் மரப்படகுக்குப் பூசுவார், தண்ணீர் இறங்காமல் இருக்க. உங்களுக்கு எங்கே ஒழுகுகிறது?

செயலாளர்: இது இதயத்துக்கு. ஒமேகா-3 என்கிற நல்ல கொழுப்பு.

மீன்காரம்மா: இதயத்துக்கென்றால் கவலை எடுத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர்: கவலையே கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார்?

மீன்காரம்மா: என் கூடையில் இருக்கிற கவலையைச் சொன்னேன்.

செயலாளர்: உன் கவலை உனக்கு. எனக்கு லிஃப்ட் ரிப்பேர், தண்ணீர் லாரி, ஆறு வீட்டில் பராமரிப்புப் பாக்கி...

மீன்காரம்மா: கிலோ 120 சார்.

செயலாளர்: கவலைக்கு விலை வேறா?

மீன்காரம்மா: (வாலைப் பிடித்துத் தூக்கி) இதைச் சொன்னேன் சார். உங்கள் எதிர்வீட்டு மலையாளி அம்மா மத்தி என்பார்கள், தூத்துக்குடிக்காரர்கள் சாளை என்பார்கள், இங்கே கவலை.

செயலாளர்: ஓ. வேண்டாம். இதயத்துக்காக மீனை விட்டுப் பத்து வருடம் ஆகிறது.

மீன்காரம்மா: மாத்திரை எதற்காக?

செயலாளர்: இதயத்துக்காக.

மீன்காரம்மா: சரி.

செயலாளர்: என்ன 'சரி'? உனக்கு இதன் வரலாறு தெரியாது. கிரீன்லாந்து எஸ்கிமோக்களுக்கு மாரடைப்பு குறைவு என்று டென்மார்க் டாக்டர்கள் 1970களில் அங்கேயே போய் ரத்தம் எடுத்துப் பார்த்து எழுதினார்கள்.

மீன்காரம்மா: அந்த ஜனங்கள் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போட்டார்கள்?

செயலாளர்: மாத்திரையா? சீல், திமிங்கிலம், மீன், அதுதான் அவர்கள் சாப்பாடே!

மீன்காரம்மா: சரி.

செயலாளர்: மறுபடியும் 'சரி'யா? இதோ டப்பா. 60 மாத்திரை, 900 ரூபாய். ஒன்றொன்றும் 1000 மில்லிகிராம்!

மீன்காரம்மா: என் பெண் டி.ஃபார்ம் படிக்கிறாள் சார். டப்பாவை முன்னால் படிக்காதே, பின்னால் படி என்பாள். பின்னால் என்ன போட்டிருக்கிறது?

செயலாளர்: ஈ.பி.ஏ. 180, டி.ஹெச்.ஏ. 120.

மீன்காரம்மா: நீங்கள் சொன்ன ஒமேகா அந்த இரண்டும்தானே? கூட்டுங்கள், பேங்க்கில் இருந்தவர்தானே.

செயலாளர்: 300.

மீன்காரம்மா: மீதி 700?

செயலாளர்: அதுவும் எண்ணெய்தான். வேறு கொழுப்பு.

மீன்காரம்மா: நான் கிலோ என்று சொல்லி 300 கிராம் நிறுத்தால் சங்கத்தைக் கூட்டியிருப்பீர்கள்.

செயலாளர்: ஆராய்ச்சி இருக்கிறதம்மா! அமெரிக்காவில் 25,871 பேர். தினம் ஒரு கிராம், ஐந்து வருடத்துக்கு மேல். 2018-ல் முடிவு வந்தது.

மீன்காரம்மா: என்ன வந்தது?

செயலாளர்: ரொம்பப் பெரிய ஆராய்ச்சி.

மீன்காரம்மா: முடிவு சார், முடிவு.

செயலாளர்: மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் மீன் அதிகம் சாப்பிடாதவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது!

மீன்காரம்மா: மீன் சாப்பிடாததற்கு அபராதம் 900 ரூபாய். கவலை 120.

செயலாளர்: இரு, இரு. இன்னொரு ஆராய்ச்சியில் 8,179 பேர். தினம் 4 கிராம். மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியானவை 25 சதவீதம் குறைந்தன!

மீன்காரம்மா: இதே டப்பாவா?

செயலாளர்: இல்லை, அது சுத்தப்படுத்திய ஈ.பி.ஏ. மட்டும். டாக்டர் சீட்டு வேண்டும். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ஏறியவர்களுக்கு, ஸ்டேட்டின் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த ஸ்டேட்டினை நான் நிறுத்திவிட்டேன்.

மீன்காரம்மா: எதை?

செயலாளர்: ஸ்டென்ட் வைத்தபோது எழுதிக் கொடுத்த ராத்திரி மாத்திரை. எதற்கு இரண்டு? இது இயற்கை.

மீன்காரம்மா: (அரிவாள்மணையை நகர்த்திவிட்டு) சார், விளையாடாதீர்கள். அது கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கிற மாத்திரை. இந்த எண்ணெய் அந்த வேலையைச் செய்யாது. இன்றைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள். நிறுத்தச் சொன்னது யார்?

செயலாளர்: சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது.

மீன்காரம்மா: மீன்காரி கேட்டில் உட்காரக் கூடாது என்று போட்டார்களே, அந்த குரூப்பா?

செயலாளர்: அதே... ஏவ்!

மீன்காரம்மா: டப்பாவை வெயிலில் வைத்தீர்களா சார்? சிக்கு வாடை வருகிறது. என் கூடையில் ஐஸாவது இருக்கிறது.

செயலாளர்: (குரலைத் தாழ்த்தி) அரைக் கிலோ போடு. 50 ரூபாய்க்கு.

மீன்காரம்மா: 60. மருந்துக்கடையில் பேரம் பேசினீர்களா?

செயலாளர்: அங்கே எம்.ஆர்.பி. போட்டிருக்கிறதே.

மீன்காரம்மா: நாளைக்கு மீனுக்கு மீன் ஸ்டிக்கர் ஒட்டி வைக்கிறேன். குழம்பு வையுங்கள், எண்ணெயில் போட்டுப் பொரிக்காதீர்கள்.

செயலாளர்: கறுப்பு கவரில் போட்டுக் கொடு. லிஃப்டில் யாராவது என்னவென்று கேட்டால்?

மீன்காரம்மா: கவலை என்று சொல்லுங்கள் சார். அதற்கு மேல் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.