காடு வாங்கிய நிலவியாபாரியும் நம்மூர் 'ஈகோ எஸ்டேட்'டும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உம்லாங்காவிலிருந்து பலிட்டோ வரை வண்டியில் போனால் வீட்டுமனை விளம்பரப் பலகைகளில் மான் நிற்கும், மரம் நிற்கும், குருவி பறக்கும். 'ஈகோ எஸ்டேட்', அதாவது இயற்கையோடு இசைந்த குடியிருப்பு, என்ற பெயர் ஒட்டிவிட்டால் விலையும் ஒரு படி ஏறிவிடும். மனை போட்டு விற்பவர் காட்டையும் காக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பேன். ஆனால் அப்படிச் செய்தவர் என்ன விலை கொடுத்தார் என்று தெரிந்துகொண்டு அந்தப் பலகையைத் திரும்பப் பாருங்கள்.

எம்.சி. டேவிஸ், அமெரிக்காவின் ஃபுளோரிடாக்காரர். சீட்டாட்டத்தில் கெட்டிக்காரர், நிலம் வாங்கி விற்றுப் பெரும்பணம் சேர்த்தவர். 1990களில் ஒரு நாள் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டவர், ஒரு பள்ளிக்கூடப் பலகையில் கருங்கரடி பற்றிய கூட்டம் என்று பார்த்துவிட்டு, பொழுது போகட்டுமே என்று உள்ளே போனார். கேட்க வந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பேசியவர்களுக்குப் பணம் கொடுத்தார், பிறகு புத்தகங்களில் இறங்கினார். 2015 ஜூலையில் நுரையீரல் புற்றுநோயில் தம் 70ஆவது வயதில் இறந்தபோது அவர் சேர்த்து வைத்திருந்த காட்டு நிலம் ஏறக்குறைய 54,000 ஏக்கர், அதாவது சுமார் 22,000 ஹெக்டேர். பெயர் நொகூசி. மஸ்கோகி மொழியில் கருங்கரடி என்று பொருள்.

எல்லோரும் இந்தக் கரடிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அவர் நிலம் வாங்கிய விதம்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு பக்கம் 4,64,000 ஏக்கர் எக்ளின் விமானப்படைத் தளம். குண்டு போட்டுப் பழகும் இடம் என்பதால் யாரும் வீடு கட்டவில்லை, பழைய லாங்லீஃப் பைன் காடு அப்படியே தப்பியது. மறுபக்கம் சாக்டாஹாச்சி ஆற்றங்கரையில் அரசு வைத்திருக்கும் நிலம். இரண்டுக்கும் நடுவே மரக் கம்பெனிகள் வெட்டித் தீர்த்த பைன் தோட்டங்கள். பார்க்க அழகான காடு எதையும் அவர் தேடிப் போகவில்லை. இரண்டையும் ஒட்டவைக்கும் அந்த மொட்டை நிலத்தை வாங்கினார். ஒட்டு நிலத்துக்கு என்ன மதிப்பு என்று நிலவியாபாரிக்குத் தெரியும். கரடிக்கும் அதே கணக்குதான். ஐம்பது துண்டுக் காடுகளைவிட அதற்குத் தொடர்ந்து நடக்க வழியுள்ள ஒரே காடு மேல்.

வாங்கிய பிறகுதான் உண்மையான செலவு. தென்கிழக்கு அமெரிக்காவில் ஒருகாலத்தில் 9 கோடி ஏக்கர் பரந்திருந்த லாங்லீஃப் காட்டில் நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான் மிஞ்சியிருந்தது. டேவிஸ் 80 லட்சம் கன்றுகள் நட்டார். இந்த மரத்துக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. முளைத்த பின் சில ஆண்டுகள் புல் குத்துபோலத் தரையோடு கிடந்து ஆணிவேரை மட்டும் இறக்கும், பிறகு திடீரென்று விறுவிறுவென உயரும். அந்தப் புல் பருவத்தில் அவசரப்படுகிறவர்கள் 'கன்று செத்துப்போச்சு' என்று உழுதுவிடுவார்கள். நடும்போது குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகும், வேர்க்கட்டி மேலே அதிகமாகத் துருத்தினால் காயும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தீ வைக்காவிட்டால் அகல இலை மரங்கள் ஏறி மூடிக்கொள்ளும். அடியில் வளரும் வயர்கிராஸ் புல்லோ வளர்பருவத்தில் தீ பட்டால்தான் நன்றாகப் பூத்து விதை வைக்கும். ரெட்-காக்கேடட் என்ற மரங்கொத்தி கூடு குடைவது உயிரோடு நிற்கும், உள்வயிரம் பூஞ்சையால் இளகிய முதிர்ந்த மரத்தில் மட்டும். நட்டவர் பேரன் காலத்தில்தான் அந்தக் குருவி குடிவரும். டேவிஸ் 300 ஆண்டுத் திட்டம் என்று பேசியது இந்த நியாயத்தில்தான்.

அவரிடம் நான் மிகவும் மதிப்பது ஆமை விஷயம். ஃபுளோரிடாவின் கோஃபர் ஆமை மணலில் நீண்ட வளை தோண்டும், அதில் நூற்றுக்கணக்கான வகை உயிர்கள் குடியிருக்கும். 1991 முதல் 2007 வரை, கட்டணம் கட்டினால் வளைகளை ஆமையோடு சேர்த்து மூடிவிட்டு மேலே வீடு கட்ட அங்கே அனுமதி கிடைத்தது. ஆமைக்கு உடலோட்டம் மெதுவானது, உடனே சாகாது, மண்ணுக்குள் வாரக்கணக்கில் கிடந்து சாகும். மற்ற மனைக்காரர்கள் புதைக்க இருந்த ஆமைகளை ஆயிரக்கணக்கில் நொகூசி ஏற்றுக்கொண்டது. கொண்டுவந்து இறக்கிவிட்டால் போதாது, பழைய வீட்டைத் தேடி நடந்தே போய்விடும், வழியில் சாலையில் நசுங்கும். அதனால் துணிவேலி கட்டி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை உள்ளே வைத்து, புது வளை தோண்டி ஊன்றிய பிறகே வேலியை எடுப்பார்கள்.

சரி, நம்ம ஊர்.

1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் தொடங்கி நம் முன்னோர் முதுகொடிந்த கரும்பு நிலங்கள்தான் இன்று வடகடற்கரையில் வேலி போட்ட எஸ்டேட்டுகள். சட்டப்படி 1 ஹெக்டேரும் அதற்கு மேலும் இயற்கைத் தாவரத்தை அழித்தால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் கடந்த பத்தாண்டுக்குள் உழுத மண் அந்தக் கணக்கில் வராது, கரும்புக்காடு தப்பிவிடும். மிஞ்சுவது கரும்பு நட முடியாத செங்குத்துச் சரிவும் ஓடைக்கரைச் சதுப்பும். டர்பன் மாநகராட்சியின் திறந்தவெளி வரைபடமான டி'மாஸில் அவை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், வீடும் கட்ட முடியாது. கட்ட முடியாத நிலத்தைக் கட்டாமல் விட்டதற்கு நம்மிடம் 'ஈகோ' என்று காசு வாங்குகிறார்கள். டேவிஸ் செய்தது இதற்கு நேர் எதிர்.

அதற்காக அந்த ஓடைக்கரைக் காடு மதிப்பில்லாதது என்று சொல்லவில்லை. நீல டைக்கர் மான் அதில்தான் வாழ்கிறது. மவுண்ட் மோர்லேண்ட் நாணற்காட்டில் கோடையில் லட்சக்கணக்கான தகைவிலான்கள் இரவு தங்கிவந்தன, பக்கத்தில் விமான நிலையம் வந்தபோது அவற்றுக்காகவே ரேடார் வைக்க வேண்டியிருந்தது. கேள்வி, பராமரிப்பு யார் கையில் என்பதுதான். உண்ணிச்செடியையும் ட்ரிஃபிட் களையையும் தரையோடு வெட்டிய சில நிமிடங்களில் அடிக்கட்டையில் களைக்கொல்லி மருந்து பூச வேண்டும். தாமதித்தால் வெட்டுவாய் காய்ந்து மருந்து இறங்காது. ட்ரிஃபிட் ஜூன், ஜூலையில் பூக்கும், அதற்கு முன்பே முடித்தாக வேண்டும். மண்ணில் கிடக்கும் விதை முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் பல ஆண்டு திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். மனை விற்கும்வரை கட்டுமானக்காரர் சுத்தமாக வைத்திருப்பார். வீட்டு உரிமையாளர் சங்கத்திடம் ஒப்படைத்த இரண்டாம் ஆண்டில் அந்தச் செலவுதான் முதலில் வெட்டுப்படும், களை முன்பைவிட அடர்த்தியாக வரும். டர்பனை அடுத்த கிளூஃப் பக்கத்து மணற்கல் புல்வெளிக்கு லாங்லீஃப் போலவே தீ வேண்டும். துணி காயப்போட்ட பக்கத்து வீட்டுக்காரர் புகை என்று புகார் கொடுப்பார், தீ நிற்கும், புல்வெளி புதராகும். மின்வேலியின் கீழ்க்கம்பி தரைக்கு மிக அருகே ஓடினால் ஆமை மாட்டும், ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு அங்கேயே நின்று அடி வாங்கி வாங்கிச் சாகும்.

பத்திரம் எழுதுவதில் இருக்கிறது உண்மையான சோதனை. நிலம் வாங்கும்போது வில்லங்கம் இருக்கிறதா என்று பயந்து பார்ப்பது நம் வழக்கம். காட்டுக்கு நல்லது செய்ய நினைப்பவர் தாமாகவே வில்லங்கம் போட்டுக்கொள்வார். நொகூசியில் ஒரு பகுதிக்கு அப்படித்தான், இனி கட்டிடம் எழுப்ப முடியாத உரிமைக் கட்டுப்பாட்டை மாநில அரசே பணம் கொடுத்து வாங்கியது. இங்கேயும் வழி இருக்கிறது. தனியார் நிலத்தையே இயற்கைக் காப்பகமாக அறிவித்துப் பத்திரத்தில் ஏற்றலாம். 99 ஆண்டுக்குக் குறையாமல் ஒப்பந்தம் இருந்தால் வருமான வரிச் சட்டத்தின் 37டி பிரிவில் நில மதிப்பில் ஆண்டுக்கு 4 விழுக்காடு வீதம் 25 ஆண்டு கழித்துக்கொள்ளலாம். பத்திரத்தில் ஏற்றாத 'பசுமைப் பகுதி' அடுத்த கட்டத்தில் மனைப் பிரிவாகாது என்று யார் சொல்ல முடியும்?

மனை பார்க்கப் போகிறவர்கள் மான் இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். காப்பக அறிவிப்பு நகல், களையெடுப்புக்குச் சங்கக் கணக்கில் ஒதுக்கிய தொகை, மின்வேலியின் கீழ்க்கம்பி உயரம், இந்த மூன்றையும் கேளுங்கள். பட்டியலிட்ட அயல் களைச்செடி அந்த நிலத்தில் இருந்தால் ஒப்பந்தம் போடும் முன்பே விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2014இலிருந்தே விதி இருக்கிறது. நம்மில் அம்மை கண்ட வீட்டில் வேப்பிலைக்குப் பதில் வைக்கும் சிரிங்கா மரமும் அந்தப் பட்டியலில் உண்டு.