ஊசி போடுகிறவர் இல்லை, ஏர் மார்ஷல்

இந்திய விமானப்படையின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றான ஏர் மார்ஷல் பதவிக்கு வந்த முதல் பெண், மருத்துவர் பத்மா பந்தோபாத்யாய். இணையத்தில் அவர் படத்துக்குக் கீழே நேற்று வந்த கமெண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். “விமானமே ஓட்டாத டாக்டரம்மா எப்படி ஏர் மார்ஷல்?” என்று ஒருவர் கேட்கிறார். அதற்குச் சிரித்தவர்களில் என் நண்பர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் விமானப்படை அதிகாரி. மருத்துவராக இருந்த அதிகாரி. அதில் ஒரு குறைவும் இல்லை.

திருப்பதியில் பிறந்து டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். சிறு வயதிலேயே நோயாளித் தாயைக் கவனித்துக்கொண்டவர். புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்து 1968இல் விமானப்படையில் சேர்ந்தார். அன்றைக்கு அங்கே ஒரு பெண் விமானி ஆகியிருக்க முடியுமா? பெண்களை விமானம் ஓட்டவிட்டதே 1990களில். போர் விமானம் 2016இல்தான். கதவைச் சாத்தி வைத்துவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

“ஆனாலும் டாக்டர் வேறு, வீரர் வேறு” என்பீர்கள். போர் விமானம் வேகத்தில் திரும்பும்போது தலையிலிருந்து ரத்தம் கீழிறங்கி விமானிக்குக் கண் இருட்டும், நினைவே தப்பும். அதை எப்படித் தாங்குவது, யார் பறக்கத் தகுதியானவர் என்றெல்லாம் பார்ப்பது விமான மருத்துவம். அவருடைய துறை அதுதான்.

என் அப்பா விமானப்படையில் மெடிக்கல் அசிஸ்டென்ட். லீவில் ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்களே “துப்பாக்கி பிடிச்சிருக்கியா, ஊசிதானே?” என்பார்கள். அப்பா பதில் பேசாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். ஓடுதளத்தில் எரிந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து ஆளை இறக்கிய மனிதர் அவர். அதை அம்மா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

மருத்துவர்களுக்குப் பதவி உயர்வு தனி வரிசை என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டும். அந்த வரிசையிலும் 2004 வரை ஒரு பெண் ஏர் மார்ஷல் ஆகவில்லையே!

அப்புறம், “கணவரும் அதிகாரி, செல்வாக்கு” என்ற பேச்சு. இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 1971 போர்க்காலப் பணிக்காக அவர் விசிஷ்ட சேவா பதக்கம் பெற்ற அதே விழாவில் கணவரும் பதக்கம் வாங்கினார். மனைவியின் செல்வாக்கால் அவருக்குக் கிடைத்தது என்று உங்களில் ஒருவராவது சொன்னீர்களா? ஏன் சொல்லவில்லை?

என் அக்கா மகள் இந்த வருடம் நீட் எழுதுகிறாள். புனே கல்லூரிதான் அவள் கனவு. அந்தக் கமெண்டுகள் எல்லாவற்றையும் அவளும் படித்திருக்கிறாள்.