மாத்திப் பார்க்காம மார்க் போடாதீங்க

ஞாயித்துக்கிழமை பெரம்பூர்ல, வண்டியா மாறுற ரோபோ பொம்மைங்களுக்கு வெச்ச போட்டியில நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். வீடியோவும் பார்த்திருப்பீங்க. நாலு நாளா பேசாம இருந்தேன். என்னோட மூணு வரி கமெண்டுக்குக் கீழ வந்து குவிஞ்சதை எல்லாம் நேத்து ராத்திரி உக்காந்து படிச்சேன். அதுக்கப்புறம் பேசாம இருக்க மனசு வரல. பதிவு நீளமாத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

போட்டிக்கு வந்த ஒரு பெரிய ரோபோ பொம்மை, லாரியா மாறக்கூடியது, காலையில பத்து மணிக்கு மேசை மேல ஏறுச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு 'சிறந்த டிசைன்' பரிசோட இறங்குச்சு. நடுவுல ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்துல அது ஒரு தடவ கூட லாரியா மாறல. நடுவர் மூணு பேர்ல ஒருத்தர் கூட அதைக் கையில எடுக்கல. குனிஞ்சு பார்த்தாங்க, போட்டோ எடுத்தாங்க, பத்துக்கு ஒம்பதரை போட்டாங்க.

கமெண்டுல நான் கேட்டது ஒரே கேள்வி. மாறுறதுக்காகவே செஞ்ச பொம்மைய மாத்திப் பார்க்காம எப்படிங்க மார்க் போட்டீங்க?

இதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. என்னைப் பத்தி நிறைய சொல்லிட்டீங்க. இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரல.

ரோபோவா நிக்குறது ஒரு நிலை. லாரியா நிக்குறது இன்னொரு நிலை. ரெண்டுக்கும் நடுவுல இருக்குதே, அந்த மாற்றம், டிசைன் பண்றவன் மண்டைய உடைச்சிக்கிறது அங்கதான். லாரியோட கதவு எங்க போகும், சக்கரம் எங்க ஒளியும், தலை எந்த ஓட்டைக்குள்ள இறங்கும், இறங்குறப்போ தோள் இடிக்குமா இடிக்காதா, எல்லாம் அங்கதான் இருக்கு. அதைப் பார்க்காம போட்ட மார்க் பெயிண்டுக்குப் போட்ட மார்க்தான்.

இந்தப் பொம்மை எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க. 1984ல ஹாஸ்ப்ரோ கம்பெனி ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்னு பேர் வெச்சு அமெரிக்காவுல விக்க ஆரம்பிச்சது. பொம்மை வார்க்கிற அச்சு எல்லாம் ஜப்பான்ல டகாரா கம்பெனியோடது. அவங்க ஏற்கனவே டயக்ளோன், மைக்ரோமேன்னு ரெண்டு பொம்மை வரிசை வெச்சிருந்தாங்க. டயக்ளோன்ல கட்டை விரல் நீளம் கூட இல்லாத குட்டி டிரைவர் பொம்மை வரும், காலடியில காந்தம் இருக்கும். அந்தக் குட்டி ஆளை வண்டிக்குள்ள உக்கார வெச்சு விளையாடணும். அதாவது இந்தப் பொம்மையோட பூர்வீகத்துலயே ஒரு டிரைவர் சீட்டு இருக்கு. தள்ளி நின்னு பார்க்கிறதுக்காகவா சீட்டு வெச்சான்?

நாம எல்லாரும் தலையில தூக்கி வெச்சிருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் தலைவன் ஆப்டிமஸ் பிரைமே டயக்ளோன்ல 1983ல வந்த 'பேட்டில் கான்வாய்'தான். லாரியோட முன் கண்ணாடி ரெண்டும் ரோபோவுக்கு மார்பு. கேபினைப் பார்த்த உடனே நெஞ்சு எங்க வரப் போவுதுன்னு சின்னப் புள்ளைக்கும் புரிஞ்சிடும். சவுண்ட்வேவ்னு இன்னொரு பொம்மை, அது இன்னும் அழகு. டேப் ரெக்கார்டர்தான் ரோபோ. பட்டனை அமுக்கினா நெஞ்சுக் கதவு திறக்கும், உள்ள இருக்கிற கேசட்டை எடுத்து விரிச்சா அதுவும் ஒரு மிருகமா மாறும். நம்ம வீட்டு டேப் ரெக்கார்டர்ல கேசட்டு மாத்தின அதே விரல் அதே வேலையச் செய்யும். அதனாலதான் நாப்பது வருஷம் கழிச்சும் அதைப் பத்திப் பேசறோம்.

இப்ப ஞாயித்துக்கிழமை ரோபோவுக்கு வர்றேன். அது சுவத்துக்கு முதுகைக் காட்டி நின்னுச்சு. ஏன்னு யோசிச்சீங்களா? லாரியோட கூரை, பக்கத் தகடு, பின் சக்கரம் எல்லாத்தையும் முதுகுல மூட்டை கட்டி வெச்சிருக்கு. முன்னாடி நின்னு போட்டோ எடுத்தா அது தெரியாது. கையில எடுத்தாத்தான் பின்பக்கம் எவ்வளவு கனம்னு தெரியும். கூடவே வந்த ஸ்டாண்டை எடுத்துட்டா அது நிக்குமான்னு ஒரு நடுவராவது பார்த்திருக்கணும்.

மூட்டுங்க இருக்கு. டிக் டிக்னு கடிச்சு நிக்கிற ராட்செட் மூட்டா, குழிக்குள்ள குண்டு சுத்துற வெறும் பால் ஜாயிண்டா? இவ்வளவு கனத்துக்கு இடுப்புல பால் ஜாயிண்ட் போட்டா ஆறு மாசத்துல தொங்கிடும். ஜன்னலுக்குப் போடுற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்லயே கீலும் இருந்தா பின்னைச் சுத்தி விரிசல் விடும், ஏன்னா அந்தப் பிளாஸ்டிக் வளையாது, உடையும். மடிக்கிற இடத்துல வெள்ளைக் கோடு விழுதான்னு பார்க்கணும். ஒரு தகடு இன்னொண்ணு மேல உரசிப் போனா பத்தாவது தடவையில அங்க பெயிண்ட் இருக்காது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

நான் பன்னெண்டு வருஷமா ஒரு வண்டி பார்ட்ஸ் கம்பெனியில, தரம் பார்க்கிற க்யூ.சி.ல இருக்கேன். ஒரு சின்ன புஷ்ஷைக் கூட அளவு பார்க்கிற கேஜ்ல போட்டுப் பார்க்காம 'ஓகே' சீல் குத்தினதில்ல. பார்த்தாலே நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிடுவார். அரசாங்கமே பொம்மைய அப்படித்தான் பார்க்குது. 2021 ஜனவரி 1லேர்ந்து நம்ம நாட்டுல குழந்தைங்க பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த முத்திரைக்கான சோதனையில பொம்மைய முறுக்குறாங்க, இழுக்குறாங்க, மேலேர்ந்து கீழ போடுறாங்க. சும்மா பார்த்துட்டு யாரும் பாஸ் போடல.

எங்க நைனா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐ.சி.எஃப்.ல ஃபிட்டர். 1993ல எனக்கு ஒரு ஆப்டிமஸ் வாங்கிக் குடுத்தார். எரிஞ்சு போன பழைய மூர் மார்க்கெட் இல்ல, அதுக்கப்புறம் சென்ட்ரல் பக்கத்துல வந்த காம்ப்ளக்ஸ்ல, ஒரு பழைய பொம்மைக் கடையில. டூப்ளிகேட்டுதான். ஒரிஜினல்லயே கை முஷ்டி ரெண்டும் தனியாக் கழட்டி மாட்டுறதுதான், அதனால எல்லார் வீட்டுலயும் முதல்ல தொலையிறது அதுதான். எனக்கு வந்தது முஷ்டி இல்லாமலே வந்துச்சு. நைனா கடையில நின்னுக்கிட்டே அதை வாங்கி ரெண்டு தடவ லாரியாக்கினார், ரெண்டு தடவ ரோபோவாக்கினார். கடைக்காரருக்கு எரிச்சல். நைனா அவரைப் பார்க்கவே இல்ல. ஒவ்வொரு மூட்டா காதுகிட்ட வெச்சு அசைச்சுப் பார்த்துட்டு என்கிட்ட சொன்னார், "இடுப்புல கொஞ்சம் ஆட்டம் கீது. மத்தது எல்லாம் டைட்டா கீது. எடுத்துக்கலாம்மா."

ஆட்டம்னு அவர் சொன்னது தளர்வை. ஃபிட்டருங்க பாஷை. எனக்கு அப்ப எட்டு வயசு, ஆட்டம்னா விளையாட்டுதான். பொம்மையில ஆட்டம் இருந்தா நல்லதுதானேன்னு கேட்டேன். மூட்டுல ஆட்டம் இருந்தா உன் ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சிடும்னு சொன்னார். அடுத்த வாரம் நைலான் துண்டு ஒண்ணு கொண்டு வந்து, ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் அரம் வெச்சு ராவி ராவி ரெண்டு முஷ்டி செஞ்சார். அளவு சரியா வர மூணு ராத்திரி ஆச்சு. இன்னைக்கும் அந்த முஷ்டி இறுக்கமா உக்காருது. நைனா இல்ல.

அவர் எனக்குக் கத்துக் குடுத்த முதல் பரிசோதனை அது. அதைத்தான் நான் ஞாயித்துக்கிழமை கேட்டேன்.

"இது கலெக்டர்ஸ் பீஸ், விளையாட்டுப் பொம்மை இல்ல"ன்னு நிறைய பேர் எழுதியிருக்கீங்க. சரி. பெரியவங்களுக்குன்னே 2003ல மாஸ்டர்பீஸ் வரிசைய ஆரம்பிச்சாங்க. முதல்ல வந்தது ஆப்டிமஸ், ஒரு அடி உசரம், உலோகம் போட்டுக் கனமா. அதுவும் லாரியா மாறுச்சு. பெரியவங்களுக்குத்தானே, மாற வேணாம்னு யாரும் விட்டுடல. மாறாத ரோபோ வேணும்னா சிலை கிடைக்குது, அதுக்குத் தனியா ஒரு பரிசு வைங்க, நானும் வந்து கை தட்டுறேன்.

"விலை தெரியுமா, உடைஞ்சா யார் குடுப்பா?"ன்னு கேட்ட தம்பிக்கு. உங்க கேள்வி நியாயமானது, இதை நான் மனசாரச் சொல்றேன். பொம்மை இறக்குமதி வரி 2020ல 20 சதவீதத்துலேர்ந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு. ஒரு வருஷம் சேர்த்து வெச்சு வாங்கினவர் அடுத்தவர் கையில குடுக்க பயப்படுவார். அந்த பயம் எனக்கும் இருக்கு. அவரே மாத்திக் காட்டியிருக்கலாம். மாத்த மாட்டேன்னா போட்டியில வைக்காம பார்வைக்கு மட்டும் வெச்சிருக்கலாம். சொந்தக்காரர் மேல எனக்குக் கோவமே இல்ல. கோவம் நடுவருங்க மேலதான்.

"தோற்றமும் டிசைன்தான்." ஆமா. பாதி.

"ஐம்பது ஸ்டெப் இருக்கு, அத்தனை நேரம் யாருக்கு இருக்கு?"ன்னு ஒருத்தர். அண்ணே, நான் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிட்டீங்க. ஐம்பது ஸ்டெப்புக்குப் பேப்பரைப் பார்த்துப் பார்த்து மாத்தணும்னா விளையாட்டு நடுவுலயே செத்துடும். நல்ல டிசைன்ல ஒரு ஸ்டெப் முடியுறப்போ அடுத்த ஸ்டெப்பை அதுவே காட்டும். இந்தத் தகடு விலகினாத்தான் அந்தக் கால் வெளிய வரும்னு கை தானா கண்டுபிடிக்கும். மூணாவது தடவ பேப்பர் இல்லாம மாத்த முடியுதா, அதான் என்னோட அளவுகோல்.

என் அண்ணன் பையன் மூணாவது தடவ பேப்பரைத் தொடல. ஒம்பது வயசு. உள்ளங்கையில அடங்குற மஞ்சள் பம்பிள்பீ ஒண்ணு வெச்சிருக்கான். அதைத்தான் போட்டிக்குக் கொண்டு வந்தான். நடுவருங்க முன்னாடி நின்னு காரா இருந்ததை ரோபோவா மாத்திக் காட்டினான். ஒருத்தர் போனைப் பார்த்துட்டு இருந்தார். பத்துக்கு நாலு. காரணம், 'மூட்டுகளில் பெயிண்ட் போயிருக்கிறது'.

பெயிண்ட் ஏன் போச்சு? ரெண்டு வருஷமா தினமும் மாத்துறான். எத்தனை நூறு தடவைன்னு கணக்கே இல்ல. அத்தனைக்கு அப்புறமும் ஒரு மூட்டு தளரல, ஒரு லாக் விடல. அன்னைக்கு அந்த மண்டபத்துல நிஜமா சோதனையில பாஸான ஒரே பொம்மை அதுதான், அதுக்கு நாலு. ஒரு தடவ கூட மாறாததுக்கு ஒம்பதரை. இதை எழுதுறப்போ எனக்குக் கை நடுங்குது.

அப்புறம் அவன் அந்தப் பெரிய ரோபோ கிட்டப் போய் விரல் நீட்டினான். எடுக்கல, இழுக்கல, விரல்தான் நீட்டினான். கையைத் தட்டி விட்டாங்க. வீடியோவுல அது இருக்கு. அதை வெச்சுத்தான் ஒருத்தர் எங்க ஏரியாவைப் பத்தி எழுதினார், 'கொருக்குப்பேட்டை ஆளுங்க கையில குடுத்தா ஸ்பேர் பார்ட்ஸாத்தான் திரும்பி வரும்'னு. நாப்பத்தி மூணு லைக். அதுல என் நண்பர்கள் பட்டியல்ல இருக்கிறவங்க ஏழு பேர். பேரைச் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

எந்தக் கையைச் சொல்றீங்க? 1955லேர்ந்து பெரம்பூர்ல ரயில் பெட்டி செய்யுற கையையா? 2018ல முதல் வந்தே பாரத் ரயில் அந்த ஐ.சி.எஃப். கேட்டைத் தாண்டித்தான் வெளிய வந்துச்சு. அந்த ரயிலைச் செஞ்ச கைங்க வியாசர்பாடியிலயும் அயனாவரத்துலயும் எங்க தெருவுலயும்தான் சோறு சாப்பிடுது. வியாசர்பாடி இளவழகி 2008ல கேரம்ல உலக சாம்பியன் ஆனாங்க. எங்க பக்கம் கேரம் போர்டு வாங்கப் போனா பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை ஓட விட்டு, நாலு பக்கமும் அடிச்சு ரீபவுண்ட் எப்படி வருதுன்னு பார்த்துட்டுத்தான் காசை எடுப்பாங்க. தொட்டுப் பார்த்து வாங்குறது எங்க பழக்கம். ஒரு பொருளைச் செஞ்சவனுக்குக் குடுக்கிற மரியாதை அதுதான்னு நாங்க வளர்ந்தோம். அதை உடைக்கிறதுன்னு சொல்றீங்க.

"பொறாமை"ன்னும் எழுதியிருக்காங்க. "பொம்பளைக்கு ரோபோ பொம்மையில என்ன வேலை"ன்னும் எழுதியிருக்காங்க. முதல்ல பொறாமை. அந்த ரோபோ வாங்க என்னால முடியாது, உண்மை. வாங்க ஆசை இருந்துச்சு, அதுவும் உண்மை. அன்னைக்குக் காலையில அதைப் பார்க்கத்தான் சீக்கிரமே கிளம்பி வந்தேன். கை இடுப்புல எப்படி மடியுது, தலை எந்தப் பக்கம் இறங்குதுன்னு பார்க்கணும்னு வந்தேன். ஆறு மணி நேரம் காத்திருந்தேன். பார்க்காமலே திரும்பினேன். இதுக்குப் பேர் பொறாமையான்னு நீங்களே சொல்லுங்க. ரெண்டாவதுக்கு நான் பதில் எழுத மாட்டேன். எட்டு வயசுப் பொண்ணுக்கு மூணு ராத்திரி உக்காந்து முஷ்டி ராவின மனுஷனுக்கு அந்தக் கேள்வி தோணல.

அடுத்த தடவ நடத்துறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மேசைக்கு வர்ற ஒவ்வொரு பொம்மையும் நடுவர் கண்ணு முன்னாடி ஒரு தடவ மாறணும், திரும்பப் பழையபடி ஆகணும். சொந்தக்காரரே மாத்தட்டும். அதுக்கப்புறம் நாலு போடுங்க, ஒம்பதரை போடுங்க, நான் வாயத் திறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வர்ற வழியில பையன் கேட்டான், "அத்தே, நான் தொடப் போனது தப்பா?" தப்பில்லன்னு சொன்னேன். நம்பின மாதிரி தெரியல. மூணு நாளா பம்பிள்பீயை எடுக்கவே இல்ல, பெயிண்ட் போயிடும்னு அலமாரி மேல வெச்சிருக்கான்.

நேத்து ராத்திரி பீரோவைத் திறந்து நைனா வாங்கின ஆப்டிமஸை எடுத்து அவன் கையில குடுத்தேன். மாத்துடான்னு சொன்னேன். முதல்ல பயந்தான். அப்புறம் கேபினைத் தூக்கினான், காலை இழுத்தான், இடது கையில முஷ்டியச் சொருகினான். வலது முஷ்டி கை தவறி விழுந்து கட்டிலுக்கு அடியில உருண்டுடுச்சு. ரெண்டு பேரும் தரையில படுத்து, போன் டார்ச் அடிச்சு, பத்தரை மணி வரைக்கும் தேடினோம். செவுத்து ஓரமா, ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னாடி கிடைச்சுது. ஊதித் துடைச்சு அவனே சொருகினான்.