மூன்று விசில் ஆட்டம்

(கும்பகோணத்தில் ஒரு வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க நாளை ஆள் வருகிறது. பரணைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். ஏணி மேல் தம்பி பாபு, பெங்களூரிலிருந்து லீவில் வந்தவன். கீழே மூக்கில் துண்டு கட்டிய அக்கா வாசுகி, உள்ளூர் வங்கியில் வேலை. இருவருமே நாற்பதைத் தாண்டியவர்கள். பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அம்மா உள்ளறையில் இருக்கிறாள். மேடைக்கு வரமாட்டாள். வந்தால் நாடகம் அங்கேயே முடிந்துவிடும்.)

பாபு: அக்கா, பிடி. பிஸ்கட் டின். உள்ளே என்னவோ உருளுகிறது.

வாசுகி: தேள் கீள் இருக்கப்போகிறதுடா, இப்படிக் கொடு. (கையடக்க ஆட்ட மெஷின் ஒன்றை வெளியே எடுக்கிறாள்) அட! நம் பிரிக் கேம்!

பாபு: ‘நம்’ எல்லாம் இல்லை. சின்ன மாமா எனக்கு வாங்கிக் கொடுத்தது.

வாசுகி: உனக்கு வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஆடத் தெரிந்தது.

பாபு: பின்பக்க மூடி எங்கே?

வாசுகி: அதை வாங்கிய வாரமே தொலைத்துவிட்டாய். அப்புறம் ரப்பர் பேண்டு போட்டுத்தான் ஓட்டினோம். ரப்பர் பேண்டு யாருடையது? என் சடையிலிருந்து கழற்றியது. ஆகப் பாதி கேம் எனக்குச் சேரும்.

பாபு: மேலே என்ன போட்டிருக்கிறான் பார். ‘9999 இன் 1’. கூசாமல் எழுதியிருக்கிறான்.

வாசுகி: பத்தாயிரம் என்றால் நம்பமாட்டோம் என்று ஒன்றைக் குறைத்திருக்கிறான். செருப்புக் கடையில் விலை போடுவதில்லையா, அந்த மாதிரி.

பாபு: உண்மையில் எத்தனை இருந்தது? கட்டை அடுக்குவது, கார் ஓட்டுவது, டாங்க் சுடுவது, தவளை ரோடு கடப்பது, பாம்பு. அதே காரை வேகம் மாற்றி ஒரு தரம் எண்ணுவான், லெவல் மாற்றி இன்னொரு தரம் எண்ணுவான்.

வாசுகி: எண்ணிவிட்டுப் போகட்டுமே! குறுக்கே பத்துக் கட்டம், நெடுக்கே இருபது கட்டம். அவ்வளவுதான் அவன் கையில் இருந்த இடம். அதற்குள் காரும் காட்டினான், டாங்கும் காட்டினான். தவளை என்றானே, அது ஒரே ஒரு கறுப்புக் கட்டம். அது லாரியில் அடிபட்டபோது நீ அழுதாய்.

பாபு: தவளைக்காக அழவில்லை. அடுத்த ஆட்டம் உனக்கு என்பதற்காக அழுதேன்.

வாசுகி: கட்டை அடுக்குவதில் என் ஸ்கோரை இந்தத் தெருவிலேயே யாரும் தொட்டதில்லை.

பாபு: ஆதாரம்?

வாசுகி: அதற்குள்ளேயே இருந்தது. செல்லைக் கழற்றினால் அழிந்துவிடும் என்று தெரிந்தே கழற்றினாய்.

பாபு: கழற்றியது அம்மா. அப்பா விடிகாலை பஸ்ஸுக்குப் போகணும், டைம்பீஸுக்குச் செல் வேண்டும் என்று எடுத்தாள்.

வாசுகி: ஆமாம், மறந்தே போனேன். ஹால் கடிகாரத்திலிருந்து ஒரு பென்சில் செல், டைம்பீஸிலிருந்து ஒன்று. ஹாலில் மணி நாலு பத்தோடு நின்றுவிட்டால் வீட்டில் யாரோ ஆடுகிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரம் இருக்கிறதே என்று அப்பா இன்னொரு காபி கேட்பார்.

பாபு: உனக்கு ஒன்று தெரியுமா? ஜப்பானில் குன்பே யோகோய் என்று ஒருத்தர். ரயிலில் ஒரு ஆள் பொழுது போகாமல் கால்குலேட்டரை நோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாராம். அதிலிருந்து யோசனை பிறந்து 1980ல் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்று நிண்டெண்டோ கம்பெனி விற்றது. கையடக்க ஆட்டம், அதற்குள்ளேயே கடிகாரம்.

வாசுகி: அவர் ஆட்டத்துக்குள் கடிகாரம் வைத்தார். நாம் கடிகாரத்தைக் கொன்று ஆட்டத்துக்குள் வைத்தோம்.

பாபு: அதே ஆள்தான் 1989ல் கேம் பாயும் செய்தார்.

வாசுகி: சிங்கப்பூர் சித்தப்பா மகன் கொண்டுவந்தானே, அந்தச் சாம்பல் நிற டப்பாவா? தொட்டுப் பார்க்கக்கூட ‘கை கழுவினாயா’ என்று கேட்பான்.

பாபு: நான் கழுவிவிட்டு வந்தேன். அப்புறமும் தரவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் அக்கா. அந்த மாரியோ குதிக்கிற குதி! உன் பிரிக் கேம் எல்லாம் கிட்டே வர முடியாது.

வாசுகி: எங்கே உட்கார்ந்து பார்த்தாய்?

பாபு: திண்ணையில்.

வாசுகி: ஏன் திண்ணையில்? திரைக்குள் விளக்கு கிடையாது. பாசிப் பச்சையில் ஒரு திரை, அதில் சாம்பலாக என்னவோ ஓடும். கூடத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. வெயில் நகர நகர நீங்கள் இரண்டு பேரும் திண்ணையோடு நகர்ந்தீர்கள். ஆறு மணிக்குத் தெருவிளக்குக் கம்பத்தடியில் நின்றீர்கள். எதிர் வீட்டு மாமி ‘பிள்ளைகள் தெருவிளக்கில் படிக்கின்றன’ என்று அம்மாவிடம் மெச்சிக்கொண்டாள்.

பாபு: விளக்கு வைக்காததுதான் புத்திசாலித்தனம். நாலு செல் போட்டால் மணிக்கணக்கில் ஓடும். சேகா கம்பெனி போட்டிக்குக் கேம் கியர் என்று விட்டான். கலர், உள்ளேயே விளக்கு, எல்லாம் உண்டு. ஆறு செல் போட்டால் மூன்று நாலு மணி நேரத்தில் காலி.

வாசுகி: ஆறு செல்லா? ஆறு கடிகாரத்துக்கு நாம் எங்கே போவது!

பாபு: அதைத்தான் சொல்கிறேன். கேம் பாய் ஜெயித்தது.

வாசுகி: மாரியோவால் ஜெயித்ததா?

பாபு: (கொஞ்சம் இழுத்து) அமெரிக்காவில் டெட்ரிஸைக் கூடவே வைத்து விற்றார்கள். மாரியோ வைத்தால் பையன்கள் வாங்குவார்கள், டெட்ரிஸ் வைத்தால் எல்லோரும் வாங்குவார்கள் என்று ஹெங்க் ரோஜர்ஸ் என்பவர் வாதாடினாராம்.

வாசுகி: டெட்ரிஸ் என்றால்?

பாபு: கட்டை அடுக்குவது.

வாசுகி: சத்தமாகச் சொல்லு, தூசியில் காது அடைத்திருக்கிறது.

பாபு: கட்டை அடுக்குவதுதான்! 1984ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் கம்ப்யூட்டரில் எழுதியது. ஏழே ஏழு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு கட்டம். போதுமா?

வாசுகி: போதும். ரஷ்யாக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, உனக்குத் தெரியவில்லை. கையில் வைத்து ஆடும் ஆட்டத்துக்கு நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். குக்கர் கணக்கு. அம்மா அரிசி வைத்துவிட்டு ‘மூன்று விசில் வந்ததும் அணை’ என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போவாள். முதல் விசில் வரும்போது நிதானமாக அடுக்கிக்கொண்டிருப்பேன். இரண்டாவதற்கு வேகம் கூடியிருக்கும். மூன்றாவது விசில் வரும்போது எப்படியும் தோற்றிருப்பேன். எழுந்து போய் அணைப்பேன். நல்ல ஆட்டம் என்றால் எந்த இடத்திலும் கீழே வைக்கலாம். குடும்பத்துக்கு ஆகும்.

பாபு: இது ஒரு அளவுகோலா? அப்படியானால் போகிமான்? 1996ல் ஜப்பானில் வந்தது. 151 பிராணிகள். காடு மேடெல்லாம் அலைந்து பிடித்து வளர்க்க வேண்டும். அதைச் செய்த சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவராம்.

வாசுகி: நீயும்தான் பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டியில் போட்டாய். முதுகில் நாலு அடிதான் கிடைத்தது. சரி, 151ஐயும் பிடித்தாயா?

பாபு: தனியாகப் பிடிக்க முடியாது. சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்பு. இதில் இருப்பது சில அதில் இருக்காது. இன்னொருத்தன் மெஷினோடு ஒயர் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வாசுகி: ஆக இரண்டு பேர் இரண்டு மெஷின் வாங்கணும். பூச்சி பிடித்தவரா அவர்? ஆளைப் பிடித்திருக்கிறார். நடுவில் நிறுத்தலாமா?

பாபு: சண்டை நடக்காத நேரத்தில் எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம்.

வாசுகி: அப்படியானால் பாஸ். ஆனால் ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடையாது. ஃபர்ஸ்ட் கிளாஸ் நோக்கியாப் பாம்புக்குத்தான்.

பாபு: போனில் ஆடுவதெல்லாம் கணக்கில் வராது.

வாசுகி: ஏன் வராது? கைக்குள் அடங்கியதா இல்லையா? பெரியவள் பிறந்த சமயம். ராத்திரி இரண்டு மணி. இடது தோளில் பிள்ளை, வலது கையில் உன் அத்தான் போன். 2, 4, 6, 8. ஒரே கட்டைவிரல். பிள்ளை முதுகில் தட்டுகிற தாளமும் பாம்பு திரும்புகிற தாளமும் ஒன்றாகப் போகும். அந்தப் போனில் 4 என்ற எண்ணே அழிந்துவிட்டது. உன் அத்தான் நாலு வருகிற நம்பருக்கெல்லாம் தடவிப் பார்த்துத்தான் போன் செய்தார்.

பாபு: அது 1997லேயே நோக்கியா 6110ல் வந்தது. பின்லாந்தில் தனேலி அர்மான்டோ என்பவர் எழுதினார். அதில் சுவரில் முட்டினால் செத்தோம். நம் ஊரில் 3310 வந்தபோதுதான் இந்தப் பக்கச் சுவரில் நுழைந்து அந்தப் பக்கம் வருகிற பாம்பு.

வாசுகி: எல்லாம் மனப்பாடம். அத்தான் நம்பர் கேட்டால் தெரியாது.

பாபு: சரி, பி.எஸ்.பி.? சோனி. 2004. திரை கண்ணாடி மாதிரி இருக்கும். சின்ன டிஸ்க் உள்ளே விர்ரென்று சுற்றும். காட் ஆஃப் வார் ஆட்டத்தில் அந்த ராட்சசன் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும்போது...

வாசுகி: பி.எஸ்.பி. பேச்சை என்னிடம் எடுக்காதே. திருவாரூரில் பெண் பார்க்கப் போனோம். நாங்கள் எல்லோரும் கூடத்தில். சொஜ்ஜி ஆறிவிட்டது, பஜ்ஜி ஆறிவிட்டது. மாப்பிள்ளை எங்கே என்று அவர்கள் கேட்கிறார்கள். நீ காருக்குள் ‘ஒரே நிமிஷம், ஒரே நிமிஷம்’ என்கிறாய். அம்மா ‘பையனுக்கு ஆபீஸிலிருந்து போன்’ என்று சமாளித்தாள்.

பாபு: பாதியில் விட்டால் முதலிலிருந்து அடிக்கணும் அக்கா.

வாசுகி: அதில் தூங்கவைக்கிற சுவிட்ச் உண்டு என்று நீதானே அப்புறம் சொன்னாய்?

பாபு: உண்டு. தள்ள மனசு வரவில்லை.

வாசுகி: அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் மார்க்கும் அதுதான்.

பாபு: உன் கணக்குப்படியே பார்த்தால் நிண்டெண்டோவின் டி.எஸ். உனக்குப் பிடித்திருக்கும். மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. புத்தகம் மாதிரி மூடினால் அப்படியே தூங்கிவிடும். அதில் செல்டா என்ற ஆட்டம் ஆடினேன், ‘ஃபேண்டம் அவர்கிளாஸ்’, 2007. ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். மேல் திரையில் ஒரு முத்திரை. கீழ்த் திரையில் கடல் வரைபடம். முத்திரையை வரைபடத்தில் பதி என்கிறான். எப்படிப் பதிப்பது? குச்சியால் தட்டினேன். கோடு போட்டேன். முந்தைய கட்டத்தில் விளக்கை ஊதி அணைக்க மைக்கில் ஊதச் சொன்னானே என்று ஊதினேன். ரூம்மேட் எனக்கு ஆஸ்துமாவோ என்று பயந்துவிட்டான்.

வாசுகி: அப்புறம்?

பாபு: அம்மா போன் செய்தாள். ‘சாப்பிட்டாயா?’ டப்பென்று மூடி வைத்துவிட்டு, ரசம் சாதம் என்று பதில் சொல்லிவிட்டு, திறந்து பார்த்தால் முத்திரை பதிந்திருக்கிறது!

வாசுகி: என்னடா சொல்கிறாய்?

பாபு: அதுதான் விடை. மேல் திரையைக் கீழ்த் திரையோடு சேர்த்து அழுத்தணும். அதாவது மூடணும்.

வாசுகி: (ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்) அப்பா சாமி! ஆட்டத்தை மூடி வைத்துவிட்டு அம்மாவிடம் பேசினால் ஜெயிக்கிற ஆட்டம்! அதைச் செய்தவன் நல்லா இருக்கணும். அதற்கு டிஸ்டிங்ஷன். இப்போது என்ன வைத்திருக்கிறாய்?

பாபு: ஸ்டீம் டெக். 2022ல் வந்த மாடல். முழுக் கம்ப்யூட்டரே கைக்குள். 600 கிராமுக்கு மேல் எடை.

வாசுகி: மூக்கில் என்ன அந்த வடு?

பாபு: படுத்துக்கொண்டு ஆடினேன். தூக்கம் வந்துவிட்டது. கை தளர்ந்துவிட்டது.

வாசுகி: பிரிக் கேம் யார் மூக்கையும் உடைத்ததில்லை. எத்தனை ஆட்டம் அதில்?

பாபு: தள்ளுபடியில் வாங்கி வாங்கி, ஒரு முன்னூறு இருக்கும்.

வாசுகி: எத்தனை ஆடினாய்?

பாபு: (டின்னை எடுத்துத் துடைக்கிறான்) அஞ்சாறு.

வாசுகி: அது ‘முன்னூறு இன் 1’. பிரிக் கேம்காரனைப் பொய்யன் என்றாய். சரி, இது வேலை செய்கிறதா பார்க்கலாம். ஸ்பிரிங்கில் களிம்பு ஏறியிருக்கிறது. அந்த ஊக்கைக் கொடு, சுரண்டுகிறேன். செல்?

பாபு: ஹால் கடிகாரம்?

வாசுகி: அதில் ஒன்றுதான். அம்மாவின் பி.பி. மெஷினில் நாலு இருக்கிறது. இரண்டு எடு.

பாபு: அம்மா சாயங்காலம் பிரஷர் பார்ப்பாளே!

வாசுகி: இதைப் பார்த்தபிறகு பிரஷரைப் பார்க்காமல் இருப்பதுதான் நல்லது. எடுத்து வா.

(பூனைநடையில் போய் வருகிறான். செல் உள்ளே போகிறது. ரப்பர் பேண்டு, இம்முறையும் அக்காவின் தலையிலிருந்து. பீப் பீப் என்று அந்தப் பழைய மெட்டு, ஒரு சுரம் பிசகி.)

பாபு: ஓடுகிறது! அக்கா, ஓடுகிறது! கொடு, என் மாமா வாங்கிக் கொடுத்தது.

வாசுகி: இரு, திருப்புகிற பட்டன் அழுந்துகிறதா என்று பார்க்கிறேன். அழுந்துகிறது. ஒரு வரி போனது. இரண்டு வரி.

(உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: “வாசுகி! இந்த மெஷின் ஏன் எரியவில்லை?”)

பாபு: கூப்பிடுகிறாள், போ.

வாசுகி: நீ போ. எனக்கு நீளக் கட்டை வரப்போகிறது.

பாபு: உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். நல்ல ஆட்டத்தை எந்த இடத்திலும் கீழே வைக்கலாம் என்றாயே?

வாசுகி: எந்த இடத்திலும் வைக்கலாம்டா. உன் பக்கத்தில் வைக்க முடியாது.