பதினேழாம் இடத்துக் கோப்பை

(2025 ஜூன் 7, சனிக்கிழமை காலை. அக்கா, ஸ்பர்ஸ் என்று அழைக்கப்படும் இங்கிலாந்துக் கால்பந்து அணி டாட்டன்ஹாமின் ரசிகை. தம்பிக்கு அதே லீக்கில் ஆடும் மான்செஸ்டர் யுனைடெட். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே டிவியில் ஆட்டம் பார்த்தவர்கள். அதற்கு மேல் ஒற்றுமை கிடையாது. அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு அடிமேல் அடி வைத்து உள்ளே வருகிறான்.)

தம்பி: (குரலைத் தாழ்த்தி) கேள்விப்பட்டேன் அக்கா. மனசே சரியில்லை. எப்போது நடந்தது?

அக்கா: நேற்று.

தம்பி: முன்னாலேயே ஏதாவது தெரிந்ததா?

அக்கா: நன்றாகத்தான் இருந்தார். யூரோப்பா கோப்பையைத் தூக்கிப் பதினாறு நாள்தான் ஆகிறது.

தம்பி: எத்தனை வருஷம் இருந்தார்?

அக்கா: சரியாக இரண்டு. 2023 ஜூன் 6 அன்று போஸ்டெகோக்ளூ கோச் வேலைக்கு வருகிறார் என்று அறிவித்தார்கள். 2025 ஜூன் 6 அன்று வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கேக் வெட்ட வேண்டிய நாளில் கழுத்தை வெட்டிவிட்டார்கள்.

தம்பி: பாவம். ஆனால் அக்கா, துக்க வீட்டில் சொல்லக் கூடாது...

அக்கா: அப்படியென்றால் சொல்லாதே.

தம்பி: பிரீமியர் லீக்கில் 17 ஆம் இடம் அக்கா. இருபது அணிகளில் பதினேழு. உங்களுக்குக் கீழே மூன்று பேர்தான். அந்த மூன்று பேரும் பிரீமியர் லீக்கையே காலி செய்துவிட்டுக் கீழ் லீக்குக்குப் போய்விட்டார்கள். கடைசிக்கு முந்தைய பெஞ்சுகூட இல்லை, வாசல்படியில் உட்கார்ந்து பரீட்சை எழுதியிருக்கிறீர்கள்.

அக்கா: நீ எத்தனையாவது?

தம்பி: அது இப்போது பேச்சு இல்லை.

அக்கா: எத்தனையாவதுடா?

தம்பி: ...15.

அக்கா: காதில் விழவில்லை.

தம்பி: 15! உங்களைவிட இரண்டு இடம் மேலே!

அக்கா: கிணற்றில் விழுந்த இரண்டு பேரில் ஒருவன் சொன்னானாம், எனக்குத் தண்ணீர் மார்பு வரைக்கும்தான் என்று.

தம்பி: நாங்கள் 42 புள்ளி. நீங்கள் 38. கணக்கு கணக்குதானே?

அக்கா: சரி, கணக்கே பார்ப்போம். உங்களுக்கு எத்தனை வெற்றி? 11. எங்களுக்கு? அதே 11. நீங்கள் ஒன்பது ஆட்டத்தை டிரா செய்தீர்கள், நாங்கள் ஐந்து. அந்த நான்கு டிராதான் உன் மீசை. அடித்த கோலைச் சொல்லட்டுமா? நீங்கள் 44. நாங்கள் 64.

தம்பி: 64 கோல் அடித்துவிட்டு 17 ஆம் இடத்துக்கு வருவதற்குத் தனித் திறமை வேண்டும் அக்கா. வாங்கியது 65 என்பதையும் சேர்த்துச் சொல்லு.

அக்கா: ஒன்றுதானே கூட.

தம்பி: 38 ஆட்டத்தில் 22 தோல்வி! எங்கள் கோச் அமோரிமாவது ஜனவரியிலேயே, இந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே மோசமான அணி நாங்களாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

அக்கா: அதுதான் நீங்கள் செய்த ஒரே உருப்படியான தாக்குதல்.

(தம்பி பதில் தேடும்போது மேசை மேல் ஒரு நோட்டு கண்ணில் படுகிறது. அட்டையில் "ஸ்பர்ஸ் 2024-25" என்று எழுதியிருக்கிறது. ஓரம் மடங்கி, நடுவில் பேனா செருகி, மளிகைக் கணக்கு நோட்டு போல உப்பியிருக்கிறது.)

தம்பி: இது என்ன?

அக்கா: தொடாதே.

தம்பி: (திறந்துவிட்டான்) வெற்றிக்கு நீல மை, டிராவுக்கு பென்சில், தோல்விக்குச் சிவப்பு. ஏப்ரலுக்குப் பிறகு தோல்வியெல்லாம் பச்சை மையில் இருக்கிறதே?

அக்கா: சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது.

தம்பி: நவம்பர் 10. சொந்த மைதானத்தில் இப்ஸ்விச்சிடம் 1-2. அவர்களுக்கு அந்தப் பருவத்தின் முதல் வெற்றி அல்லவா அது?

அக்கா: யாராவது கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டாமா? பெரிய மனசு.

தம்பி: நவம்பர் 23. மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் ஊருக்கே போய் 4-0. பக்கத்தில் என்ன, மயிலிறகா?

அக்கா: (கொஞ்சம் வெட்கத்துடன்) சாம்பியனை நான்கு கோல் போட்டு அடித்திருக்கிறோம். குட்டி போடும் என்று வைத்தேன்.

தம்பி: போட்டதா?

அக்கா: போட்டது. அடுத்த பதினைந்து நாளில் செல்சியிடம் 2-0 என்று முன்னால் இருந்துவிட்டு 3-4. அப்புறம் லிவர்பூலிடம் 3-6. குட்டியெல்லாம் எங்கள் வலையிலேயே போட்டது.

தம்பி: எனக்குப் புரியாதது இதுதான். சிட்டியை 4-0 அடிக்கிற அணி, இப்ஸ்விச்சிடம் எப்படித் தோற்கும்?

அக்கா: ஆஞ் போஸ்டெகோக்ளூவின் ஆட்டம் அப்படி. எல்லோரும் முன்னால் போக வேண்டும். டிஃபென்ஸ் நடுக்கோட்டுக்கிட்டே போய் நிற்கும். வீட்டைத் திறந்து போட்டுவிட்டுத் தெருமுனையில் காவல் நிற்கிற மாதிரி.

தம்பி: திருடன் வந்தால்?

அக்கா: எங்கள் டிஃபெண்டர் வான் டெ வென் திரும்பி ஓடி வந்து பிடிப்பார். அவர் வேகத்துக்கு யார் ஓட முடியும்? ஆனால் ஓடி ஓடித் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. அவர் படுத்தார். ரொமேரோ படுத்தார். கோல்கீப்பர் விகாரியோவுக்குக் கணுக்கால் எலும்பு உடைந்தது. அதுவும் சிட்டி ஆட்டத்தில், உடைந்த காலோடு முழு ஆட்டமும் நின்றார். ஒரு கட்டத்தில் ஆர்ச்சி கிரே என்ற 18 வயதுப் பையனை நடு டிஃபென்ஸில் நிறுத்தினார்கள். அவன் மிட்ஃபீல்டர்டா. சமையலுக்கு ஆள் வரவில்லை என்று பந்தல் போட வந்தவன் கையில் கரண்டியைக் கொடுத்த கதை.

தம்பி: பையன் எப்படி ஆடினான்?

அக்கா: பந்தல்காரன் வைத்த சாம்பார் பரவாயில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

தம்பி: (பக்கத்தைப் புரட்டி) சில இடத்தில் மட்டும் நீல மையில் பெரிய பெரிய எழுத்தாக இருக்கிறதே. செப்டம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று...

அக்கா: படி. சத்தமாகப் படி.

தம்பி: வேண்டாம்.

அக்கா: உங்கள் மைதானம் ஓல்ட் டிராஃபோர்டில் 3-0. லீக் கோப்பையில் 4-3. பிப்ரவரியில் 1-0. நான்காவது உனக்கே தெரியும், ஐரோப்பிய கிளப்புகள் ஆடும் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். நான்கு முறை ஆடினோம், நான்கு முறையும் யுனைடெட்டை அடித்தோம். எல்லோரிடமும் அடி வாங்குவோம், உங்களை மட்டும் அடிப்போம். ஒரு கொள்கை வேண்டாமா?

தம்பி: அந்த 4-3 இல் உங்கள் கோல்கீப்பர் ஃபோர்ஸ்டர் எங்களுக்கு இரண்டு கோல் இனாமாகக் கொடுத்தாரே!

அக்கா: கொடுத்தும் தோற்றீர்களே. 3-0 என்று இருந்ததை 3-2 ஆக்கிக் கொடுத்தார். அப்புறம் எங்கள் கேப்டன் சன் கார்னரிலிருந்து நேராக வலைக்குள் போட்டார். ஒருத்தர் காலில் படவில்லை, தலையில் படவில்லை. கார்னர் கொடியிடமிருந்து நேரே கோல். உங்கள் கோல்கீப்பர் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி: சன் நல்ல மனிதர். அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அக்கா: 2015 இல் வந்தார். பத்து வருஷம். 2019 இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் வரைக்கும் போய் லிவர்பூலிடம் தோற்றார். கூட இருந்த ஹாரி கேன், இங்கே இருந்தால் கோப்பை கிடைக்காது என்று 2023 இல் பயர்னுக்குப் போனார். சன் போகவில்லை. கடைசியில் பார், இந்த மே மாதம் கேனுக்கு ஜெர்மனியில் லீக் பட்டம், அதே மே மாதம் சன்னுக்கு யூரோப்பா கோப்பை. அன்றைக்கு இடுப்பில் கொரியக் கொடியைச் சுற்றிக்கொண்டு அழுதாரே...

(அக்கா முந்தானையைத் தேடுகிறாள். சுடிதார் போட்டிருப்பது ஞாபகம் வந்து துப்பட்டாவைப் பிடிக்கிறாள்.)

தம்பி: எனக்குக்கூடக் கண் கலங்கியது.

அக்கா: அது நீ தோற்றதற்கு.

தம்பி: தோற்றது எப்படி என்று பேசலாமா? எங்களிடம் ஒரு தப்பும் இல்லை. அந்த யூரோப்பா தொடரில் இறுதி ஆட்டம் வரைக்கும் நாங்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. லியோனுடன் கூடுதல் நேரத்தில் 2-4 என்று கிடந்து, கடைசியில் மெக்வயர் தலையால் முட்டி 5-4. இறுதி ஆட்டம் நடந்த அதே பில்பாவ் மைதானத்தில் மூன்று வாரம் முன்னால்தான் அந்த ஊர் அணி அத்லெடிக்கை 3-0 அடித்தோம். இறுதி ஆட்டத்திலும் பந்து முக்கால்வாசி நேரம் எங்கள் காலில்தான் இருந்தது.

அக்கா: பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்? குழந்தை மாதிரி தாலாட்டினீர்கள்.

தம்பி: உங்கள் கோலும் ஒரு கோலா? ஜான்சன் காலை வீசினார், பந்து எங்கள் லூக் ஷா மேல் பட்டு, உருண்டு, யோசித்து, போகலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனது.

அக்கா: ஏட்டில் பிரென்னன் ஜான்சன், 42 ஆவது நிமிடம். பந்து யோசித்ததா என்று ஏட்டில் எழுத இடம் கிடையாது.

தம்பி: இரண்டு வருஷமாகத் தாக்குதல், தாக்குதல் என்று சொன்ன மனிதர், அன்றைக்கு ஜான்சனையே வெளியே எடுத்துவிட்டு இன்னொரு டிஃபெண்டரை இறக்கினார். மொத்த அணியும் கோலுக்கு முன்னால் ரேஷன் வரிசை மாதிரி நின்றது.

அக்கா: பாடம் கற்றுக்கொண்டார். அதற்குத்தான் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் சொல்லிச் செய்தார்டா! செப்டம்பரிலேயே சொன்னார், இரண்டாம் வருஷத்தில் எப்போதும் ஏதாவது ஜெயிப்பேன் என்று. ஊரே சிரித்தது. நீயும் சிரித்தாய். 2008 லீக் கோப்பைக்குப் பிறகு முதல் கோப்பை. 17 வருஷம்.

தம்பி: 17 வருஷம், 17 ஆம் இடம். ராசியான எண்தான். ஆனால் அந்த வெற்றிக்கு உண்மையான காரணம் போஸ்டெகோக்ளூ இல்லை.

அக்கா: வேறு யார்?

தம்பி: நான்.

அக்கா: (மெதுவாக) அதை வெளியே சொல்லாதே.

தம்பி: ஏன் சொல்லக் கூடாது? 41 ஆவது நிமிடம் வரைக்கும் சோபாவில்தான் இருந்தேன். போனில் சார்ஜ் இல்லை என்று உள்ளே போய் சார்ஜரை எடுத்து வந்தேன். ஒரு கால் அறைக்குள், ஒரு கால் வெளியே, கையில் வயர். கோல்! நீ திரும்பிப் பார்த்து, "அசையாதே" என்று கத்தினாய்.

அக்கா: யாராக இருந்தாலும் கத்துவார்கள்.

தம்பி: இடைவேளைக்குப் பிறகும் கூப்பிட்டு நிறுத்தினாய். அதே கால், அதே வயர். எதிர் அணி ரசிகனை வைத்தே காரியம் சாதித்தாய். கெண்டைக்கால் மரத்துப்போய், என் அணி தோற்பதற்கு நானே தூண் மாதிரி முட்டுக் கொடுத்தேன்.

அக்கா: நடுவில் ஒரு முறை துரோகம் செய்தாயே, மறந்துவிட்டாயா? விகாரியோ பந்தைப் பிடிக்க வந்து கோட்டைவிட்டார், ஹோய்லுண்ட் தலையால் முட்டினார். நீ கோல் என்று குதித்துக் காலை எடுத்துவிட்டாய்!

தம்பி: எங்கள் ஆள் முட்டினால் குதிக்க மாட்டேனா?

அக்கா: நான் பார்த்த பார்வையில் காலைத் திரும்ப வைத்தாய். வைத்த நொடியில் வான் டெ வென் அந்தரத்தில் பறந்து, கோட்டு மேலேயே பந்தை உதைத்து வெளியே தள்ளினார். ஒரு நொடி தாமதித்திருந்தால் 1-1.

தம்பி: அப்படியென்றால் அந்தப் பதக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அக்கா: உண்டு. நோட்டில் எழுதியிருக்கிறேன். மே 21 ஆம் பக்கத்தைப் பார்.

(தம்பி புரட்டுகிறான். பக்கம் முழுக்க நீல மை. கீழே பொடி எழுத்தில்: "தம்பி, வாசலில். 48 நிமிடம். நன்றி." அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.)

தம்பி: சரி... யூரோப்பாவை ஜெயித்ததால் அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக்கே ஆடப் போகிறீர்கள். 17 ஆம் இடத்திலிருந்து.

அக்கா: அதற்கு முன்னால் ஆகஸ்ட் 13. இத்தாலியில், உடினேவில், சூப்பர் கோப்பை. யூரோப்பா ஜெயித்த நாங்கள், எதிரே சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த பாரிஸ் அணி பிஎஸ்ஜி.

தம்பி: போன வாரம்தானே அவர்கள் இறுதி ஆட்டத்தில் இன்டரை 5-0 என்று துவைத்தார்கள்? கோச்சுகூட இல்லாமல் எப்படி ஆடுவீர்கள்?

அக்கா: கோச் யாராவது வருவார். வாசலுக்குத்தான் ஆள் வேண்டும். ஆகஸ்ட் 13 உனக்கு என்ன வேலை?

தம்பி: எனக்கு அன்றைக்கு... ஆட்டம் கீட்டம் இருக்கும் அக்கா.

அக்கா: என்ன ஆட்டம்? உங்களுக்குத்தான் வருஷம் முழுக்க ஐரோப்பாவில் ஒரு ஆட்டமும் கிடையாதே.

(நீண்ட மௌனம். தம்பி எழுந்து வாசலுக்குப் போகிறான். குனிந்து தரையைப் பார்க்கிறான்.)

அக்கா: உள்ளே இருந்தது வலது காலா, இடது காலா?

தம்பி: ...இடது.