கேட்காமல் எவரும் கொடுக்கவில்லை

அந்த மகளிர் நாள் விழாக் காணொளியை எனக்கு அனுப்பி, "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்ட அத்தனை பேருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். பேசியவரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். மேலைநாட்டுப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடி, சிறை சென்று, உண்ணாநோன்பிருந்து வாக்குரிமை பெற்றார்களாம். இந்தியப் பெண்களுக்கோ அவர்கள் கேட்காமலேயே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டோமாம். அந்த வரிக்கு அரங்கில் கைதட்டல் எழுந்தது. தட்டியவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

கேட்டார்கள். 1917 டிசம்பரில், இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் எட்வின் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு மகளிர் குழு அவரை நேரில் சந்தித்து, ஆண்களுக்கு எந்தத் தகுதியின் பேரில் வாக்குரிமை தரப்படுகிறதோ அதே தகுதியின் பேரில் பெண்களுக்கும் தர வேண்டும் என்று கேட்டது. அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் நின்றது, அதே ஆண்டு அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் போன்றவர்கள் அடையாற்றில் தொடங்கியிருந்த இந்திய மாதர் சங்கம். இது எங்கோ லண்டனில் நடந்ததன்று, சென்னையில் நடந்தது.

கேட்டவர்களுக்கு மறுப்புத்தான் கிடைத்தது. வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழு, பெண்கள் திரைமறைவில் வாழும் வழக்கம் தளராத வரையில் இங்கே அவர்களுக்கு வாக்குரிமை என்பது பெயரளவில்தான் இருக்கும், அதற்கு இன்னும் காலம் கனியவில்லை என்று எழுதிவிட்டுப் போனது. அதோடு விட்டார்களா? 1919இல் சரோஜினி நாயுடுவும் அன்னி பெசன்ட்டும் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். பம்பாயிலிருந்து ஹீராபாய் டாட்டாவும், அப்போது இருபத்தோரு வயதே ஆகியிருந்த அவருடைய மகள் மித்தனும் கப்பலேறிப் போய், பிரிட்டனில் ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசி ஆதரவு திரட்டினார்கள். இவ்வளவுக்கும் பிறகு வந்த 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், விரும்பினால் அந்தந்த மாகாணச் சட்டசபை பெண்களுக்கான இந்தத் தடையை நீக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கைகழுவிக்கொண்டது. அதாவது, ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த ஒவ்வொரு சபையின் வாசலிலும் போய்த் திரும்பவும் முதலிலிருந்து கேட்க வேண்டும். சென்னையும் பம்பாயும் 1921இல் இணங்கின. வங்காளம் அதே ஆண்டு தீர்மானத்தைத் தோற்கடித்தது. கவிஞர் காமினி ராய் போன்றவர்கள் மேலும் பாடுபட்ட பிறகே 1925இல் வழிவிட்டது. அப்போதும் வாக்களிக்கலாமே தவிர வேட்பாளராக நிற்க முடியாது. அதற்கு வேறொரு போராட்டம் தேவைப்பட்டது. 1926இல் கமலாதேவி சட்டோபாத்யாய் சென்னைச் சட்டசபைக்குப் போட்டியிட்டுக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இத்தனையையும் 'கேட்காமலேயே' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடுவதற்கு எப்படி மனம் வருகிறது?

என் பாட்டி சொல்லி நான் கேட்டது ஒன்று உண்டு. முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்க ஆள் வந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய மாமனார், "வீட்டுப் பெண்களின் பெயரெல்லாம் எதற்கு? என் மருமகள் என்று எழுதிக்கொள்ளும்" என்றாராம். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாட்டி, முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படி வரை வந்து தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லியிருக்கிறார். பட்டியல் எடுக்க வந்தவர் அடுத்துக் கணவர் பெயரைக் கேட்டார். அதை மனைவி வாயால் சொல்லும் வழக்கம் அன்று இல்லையே! அருகில் நின்ற என் பெரியப்பாவை, அப்போது சிறுபிள்ளை, முன்னால் தள்ளி "அப்பா பேரைச் சொல்லுடா" என்றாராம். மாமனார் அதன் பிறகு வெகுநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் பாட்டிக்கு அந்த வாக்கை யார் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள்?

அவர் பெயராவது பட்டியலில் ஏறியது. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்று மட்டுமே பதிவாகித் தங்கள் சொந்தப் பெயரைத் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வடமாநிலங்களில், அந்த முதல் தேர்தலின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்கள். அரசியல் சாசனத்தில் உரிமை எழுதப்பட்ட பிறகு நடந்த கதை இது.

"அன்றைக்குப் பெரும்பாலான ஆண்களுக்கும் வாக்கு இல்லையே" என்று ஒரு நண்பர் நிச்சயம் எழுதுவார். உண்மைதான். சொத்தும் வரியும் பார்த்தே வாக்குத் தரப்பட்டது. ஏழை ஆணும் வெளியில்தான் நின்றான். ஆனால் சொத்து வாங்கினால் அவன் உள்ளே போகலாம். சொத்து இருந்தும், பெண் என்ற ஒரே காரணத்துக்காக வெளியே நிறுத்தப்பட்டவள் எதை வாங்கி உள்ளே போவாள்?

"அவர்கள் எல்லாம் ஆங்கிலம் படித்த பணக்காரச் சீமாட்டிகள், பெசன்ட்டும் மார்கரெட் கசின்ஸும் வெள்ளைக்காரிகள்" என்பது அடுத்த அம்பு. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதே காலத்தில் மேடையேறிய ஆண் தலைவர்களில் எத்தனை பேர் கூலிக்காரர்கள்? அவர்களுடைய பட்டமும் பரிஸ்டர் படிப்பும் தியாகத்துக்கு அணி சேர்க்கிறது, பெண்களுடைய படிப்பு மட்டும் குற்றமாகிவிடுகிறது. 1930களின் தொடக்கத்தில், கணவனின் சொத்தைக் காட்டி மனைவிக்கு வாக்குத் தரலாம் என்ற யோசனை வந்தபோது, இந்திய மாதர் சங்கமும் அகில இந்திய மாதர் மாநாடும் அதை எதிர்த்தன. வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்கு என்பதே அவர்கள் வைத்த கோரிக்கை. தங்கள் வகுப்புக்கு மட்டும் வேண்டும் என்று நினைத்தவர்கள் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இன்று பெண்கள் வரிசையில் நின்று வாக்களிக்கிறார்களே, பழைய கதை எதற்கு?" என்பவர்களுக்கு நீண்ட பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வாக்குச்சாவடிக்குக் கிளம்பும் நேரத்தில், "நம் வீட்டு ஓட்டு இதற்குத்தான், மறந்துவிடாதே" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லும் குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். மறுவார்த்தை பேசாமல் தலையாட்டிவிட்டுப் போன பெண்களின் முகங்களும் எனக்குத் தெரியும். உரிமையைத் தாங்கள் கொடுத்ததாக நம்புகிறவர்கள், அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் தாங்களே சொல்லலாம் என்று நம்புகிறார்கள்.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் திருத்தம் 2023இல்தான் நிறைவேறியது. முதல் மசோதா 1996இல் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது அவையில் கிழித்தெறியப்பட்டதைக்கூட நாம் பார்த்தோம். நிறைவேறிய சட்டத்திலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே இது நடைமுறைக்கு வரும் என்றுதான் இருக்கிறது; எந்த ஆண்டு என்று எழுதப்படவில்லை. சவுத்பரோ குழு சொன்ன பதிலுக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆண்டை எழுதுங்கள் என்று கேட்கும் பெண்களைத்தான் இப்போது அவசரக்காரிகள் என்கிறார்கள். நூறு ஆண்டு கழித்து இன்னொருவர் மேடையேறி, இதையும் நாங்கள்தான் கொடுத்தோம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே, அவர்கள் கேட்பதை நான் இங்கே எழுதி வைக்கிறேன்.