படத்தின் ஓரத்தில் இருக்கும் பெயர்

கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய் சொல்வோம், தீப்பெட்டி சொல்வோம், கி.ரா.வைச் சொல்வோம். காலண்டர் சாமி படங்கள் வரைந்த ஓவியர் சி. கொண்டைய ராஜுவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிக்கு சீன் வரையப் போனார். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோக, அவர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். சிவகாசி அச்சகங்கள் பக்கத்திலேயே இருந்தன. அவர் வரைந்த சாமிகள் காலண்டராகி, மளிகைக்கடை, ஜவுளிக்கடைப் பெயர்களோடு வீடு வீடாகப் போயின. வருஷம் முடிந்ததும் படத்தை மட்டும் வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பொட்டு வைத்துக் கும்பிட்டோம்.

அவருடைய மீனாட்சி கல்யாணத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நாணித் தலை சாய்த்த பச்சை மீனாட்சி, தாரை வார்க்கும் பெருமாள், கைப்பிடிக்கும் சொக்கர். மேடையில் திரை விலகியதும் எல்லோரும் நம் பார்வைக்கென்றே நிற்பது போன்ற அமைப்பு. சீன் வரைந்த கை அது என்று எனக்குத் தோன்றும். தெய்வத்தை எட்டத்தில் நிறுத்தாமல், கும்பிடுகிறவரின் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்தவர்.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது வேறொன்று. பல படங்களில் அவர் பெயரோடு சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாமல் சீடர்களையே குடும்பமாக வைத்துக்கொண்ட மனிதர், புகழையும் அவர்களோடு பங்கிட்டுக்கொண்டார். குருவின் பெயரில் சீடர்களின் உழைப்பு மறைந்துபோவது எத்தனை இடத்தில் நடக்கிறது!

1976இல் மறைந்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவை நின்று பார்க்கிறோம், சரி. காலண்டர் ஓவியம் என்பதாலேயே இவரை ஒரு படி கீழே வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தார் என்பதால் வரைந்தவரின் கைத்திறன் மலிவாகிவிடுமா? ரவிவர்மாவுக்குப் பக்கத்துச் சுவரில் இவர் படங்களும் தொங்க வேண்டும். கூடவே சீடர்களின் பெயர்களும்.

வீடு மாற்றும்போதோ வெள்ளையடிக்கும்போதோ பழைய சாமி படங்களைக் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். வைப்பதற்கு முன் படத்தின் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். அவர் பெயர் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து இங்கே கமென்டில் போடுங்கள், எந்தக் கடைக் காலண்டர் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.